சனிக்கிழமை நண்பகல் சைரன்

ஜூன் 26, ஞாயிறு

சைக்கிள் பைகள் நான்கும் கூடத்தில் வாய் திறந்து கிடக்கின்றன. ஃபோல்க்மார் தோட்டத்தில் கூடாரத்தை விரித்து, தையல் தையலாக மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறான். சீட்டியடிக்கிறான். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் அவன் சீட்டியைக் கேட்கிறேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

மருத்துவர் சைக்கிள் பயணத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார். மெதுவாக, சமதரையில், களைப்பு வந்தால் நிறுத்தி. நான் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். அனுமதி என்பது உத்தரவாதம் அல்ல, ஒரு சராசரி என்று எனக்குத் தெரியும். என் கணவன் சராசரி ஆள் இல்லை. பிப்ரவரியில் மார்பு வலியோடு இரண்டு நாள் கூரை வேலைக்குப் போய்விட்டு வந்து, "ஏணி தூக்கினதுல தோள் பிடிச்சிருக்கு, ஒண்ணுமில்ல" என்றவன். மூன்றாம் நாள் குளியலறைத் தரையில் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தான். நான் ஆம்புலன்ஸை அழைத்தபோது, "ஆம்புலன்ஸ் பசங்களை ஏன் வீணா அலைய விடுறே?" என்று கேட்டான். அடைபட்ட ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த ஒரு மருத்துவர் எனக்குப் புரியும் விதத்தில் சொன்னார்.

ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையில் முப்பது வருடம் இருந்தான். அதையும் விட வேண்டி வந்தது. சீருடையை மடித்து, பேஜரை அதன்மேல் வைத்து, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அன்று சாப்பாட்டின்போது உப்பைக் கேட்டான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அதனால்தான் இந்தப் பயணம். வேஸர் ஆற்றங்கரையோடு ஒரு வாரம், கூடாரமும் சைக்கிளுமாக. மாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது?

ஜூன் 28, செவ்வாய்

ம்யூண்டனில் ரயிலிலிருந்து சைக்கிள்களை இறக்கினோம். மழை எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது.

ஜூன் 29, புதன்

நான் பின்னால் ஓட்டுகிறேன். எனக்கு வேகம் போதாது என்று அவன் நினைத்துக்கொள்கிறான். நினைக்கட்டும். உண்மையில் நான் அவன் காதுகளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். மழைக்கோட்டின் தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய காதுகள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்தால்—

வெளுக்கவில்லை.

மதியம் ஒரு கிராமத்தின் பேருந்து நிறுத்தக் கூரையடியில் உட்கார்ந்து, கறுப்பு ரொட்டியில் ஈரல் சாஸேஜைத் தடவிச் சாப்பிட்டோம். குடையோடு வந்த ஒரு பெண்மணி எங்கள் கூடாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த மழையில கூடாரமா? வீட்டுல சண்டையா?"

"வீட்டுல போட்டா அக்கம்பக்கத்துக்குக் கேக்குதுங்க. அதான் ரோட்டுல வந்து போடுறோம்" என்றான் ஃபோல்க்மார்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் அவன் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கு?" என்றேன்.

"டாக்டரம்மா, இதையே எத்தனை தடவை கேப்பே? ஒண்ணுமில்ல."

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நன்றாக இருக்கும்போதும் அதுதான். குளியலறைத் தரையிலும் அதுதான். வேறு எந்த அளவுகோலையும் அவன் எனக்குத் தருவதில்லை. அதனால் காதுகள்.

ஜூலை 1, வெள்ளி

விடிந்ததிலிருந்து ஒரே சீரான மழை. கோபமில்லாத, அவசரமில்லாத மழை. இந்த மாதிரி மழைதான் நிற்காது. சாலையோரத்து வாற்கோதுமை தரையோடு படுத்துக் கிடக்கிறது. கையுறையைப் பிழிந்தேன், மாட்டினேன், திரும்பவும் பிழிந்தேன். என் காலணிக்குள் தனியாக ஒரு வானிலை நடக்கிறது.

பகலில் ஆற்றங்கரைப் பாதைக்குக் குறுக்கே பலகை வைத்திருந்தார்கள். வேஸர் பாதைமேல் ஏறிவிட்டது. உள்ளே திரும்பி, எர்லென்பாஹ் என்ற சிற்றோடையின் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதாவது ஏற்றம். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்றேன். "தள்ளுறதுக்கா சைக்கிள் வாங்கினோம்?" என்று சொல்லிவிட்டு மிதித்தான்.

வளைவு தாண்டியபோது பார்த்தேன். அவன் நின்றிருந்தான். கைப்பிடிமேல் கவிழ்ந்து, தலை தொங்கி, அசையாமல்.

நான் சைக்கிளை நடுச்சாலையில் போட்டுவிட்டு ஓடினேன். என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவன் நிமிர்ந்தான். கை முழுக்கக் கருப்பு மசகு. "செயின் கழண்டுடுச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"உன்னால ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? செயின்னு ஒரு வார்த்தை?"

"செயின் கழண்டதுக்கெல்லாம் அறிவிப்பு குடுக்கணுமா?"

நான் போய் நடுச்சாலையில் கிடந்த என் சைக்கிளை எடுத்தேன். 

மாலை ஓடையோரத்து கேம்பிங் திடல் ஒன்றில் கூடாரம் போட்டோம். பாதிக்கு மேல் வருடம் முழுக்க இங்கேயே நிற்கும் கேரவன்கள். முன்பந்தல், மரவேலி, பூந்தொட்டி, தபால்பெட்டி என்று குட்டி வீடுகள். திடலை நடத்தும் ஷ்டூபிங் அம்மாள் விதிகளை ஒப்பித்தாள்: மதியம் ஒன்று முதல் மூன்று வரை ஓய்வு நேரம், வாசல் தடுப்புக்கட்டை இறங்கியிருக்கும், வண்டி உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது, பாட்டு கூடாது, பந்து கூடாது. பக்கத்து கேரவன்காரர் லோதார், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், எங்கள் கூடாரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது கூடாரமா, கைக்குட்டையா? நாளைக்கு மதியம் எங்க பந்தலுக்கு வந்துடுங்க. இர்ம்காட் பட்டாணி சூப் வைக்கிறா."

உள்ளேயிருந்து அவர் மனைவி இர்ம்காடின் குரல்: "சூப் நான் வைக்கிறேன். ஊரைக் கூப்பிடுறது மட்டும் இவரு."

ஓடை கூடாரத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி ஓடுகிறது. காபி நிறம். நான் அதைப் பார்த்தேன், குறித்துக்கொண்டேன், மறந்துவிட்டேன். என் காது ஃபோல்க்மாரின் மூச்சில் இருக்கிறது.

ஜூலை 2, சனி

மாலை. பள்ளி உடற்பயிற்சிக் கூடம். ஊர் பெயர் தெரியவில்லை. பென்சில் யாரோ கொடுத்தது, தாளும் யாரோ கொடுத்தது.

உயிரோடு இருக்கிறோம். எல்லோரும்.

கூடாரம் போயிற்று. சைக்கிள்கள் போயின.

அவன் மெத்தையில் படுத்திருக்கிறான், வெள்ளிக் காகிதம் போன்ற போர்வைக்குள். காது வெள்ளையாக இருக்கிறது. குளிராலா? மீட்புக்காரப் பெண் நாடி பார்த்தாள், வலி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். நானும் கேட்டேன். ஒண்ணுமில்ல என்றான்.

பொய் சொல்றான். பொய்யா? தெரியலையே. எனக்கு எப்படித் தெரியும்? போர்வை ஏறுது, இறங்குது. ஏறுது, இறங்குது. அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.

ஜூலை 3, ஞாயிறு

இப்போது முறையாக எழுதிவிடுகிறேன்.

நேற்று நண்பகலில் லோதாரின் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். ஓடைப் பக்கத்து கேரவன்களிலிருந்து இன்னும் சிலர் தட்டோடு வந்திருந்தார்கள். மழை பந்தல்மேல் அடித்த அடியில் உரக்கப் பேசவேண்டியிருந்தது. இர்ம்காட் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது பள்ளத்தாக்கின் கீழேயிருந்து ஊரின் எச்சரிக்கைச் சைரன் எழுந்தது.

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு. எல்லோருக்கும் கிழமையும் தெரியும். மாதத்தின் முதல் சனிக்கிழமை. நான் பிறந்ததிலிருந்து முதல் சனி நண்பகலில் சைரன் சோதனை ஊதியிருக்கிறது. அது ஊதினால் உருளைக்கிழங்கை அடுப்பிலிருந்து இறக்கலாம் என்று என் அம்மாவுக்கு அர்த்தம்.

ஆனால் இது சோதனைபோல் கொஞ்ச நேரத்தில் நிற்காமல், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நீண்டுகொண்டே போனது. ஒரு பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். "ரொம்ப நேரமா ஊதுதே?"

லோதார் ஃபோல்க்மாரைக் காட்டினார். "தம்பிகிட்ட கேளுங்க. முப்பது வருஷம் தீயணைப்புல இருந்தவரு."

எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. அவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பிப்ரவரிக்குப் பிறகு யாரும் அவனிடம் அப்படி எதையும் கேட்டதில்லை.

"சோதனைதான்" என்றான். "சில ஊர்ல எல்லா ஒலியையும் ஒண்ணு விடாம ஊதிப் பாப்பாங்க. உக்காருங்க. சூப் ஆறுது."

உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். மருத்துவரை நம்பாதவள், வானிலை அறிக்கையை நம்பாதவள், அந்த ஒரு வாக்கியத்தை நம்பினேன். ஏன்? அவன் முகம் அப்படி இருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனமில்லை. என் பயம் முழுவதையும் அவன் நெஞ்சுக்கே செலவழித்திருந்தேன், தண்ணீருக்கென்று மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசிக்கு சிக்னலும் கிடையாது.

சாப்பிட்டு முடிந்து ஓய்வு நேரம் ஆரம்பித்தது. அவரவர் உள்ளே போய்ப் படுத்தார்கள். இர்ம்காடும் படுத்துவிட்டாள். அப்போது மேலே சாலையிலிருந்து கார் ஹாரன். விடாமல் அடித்தது. கேரவன் ஜன்னல் ஒன்று திறந்தது: "ஓய்வு நேரம்னு தெரியாதா? எவன் அவன்?"

லோதார் தொப்பியை எடுத்தார். "நான் போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரேன்." மழையில் விறுவிறுவென்று மேட்டில் ஏறினார்.

ஹாரன் அடித்தது ஷ்டூபிங் அம்மாள். விதிகளை எழுதிய அதே அம்மாள். வீட்டுக்குச் சாப்பிடப் போனவள் திரும்பி வரும் வழியில் ஓடையைப் பார்த்திருக்கிறாள்.

கூடாரத்துக்குள் என் கால் பக்கம் தரை மெத்தென்று உயர்ந்தது. பாய் தண்ணீர்மேல் மிதந்தது. வாசல் ஜிப்பைத் திறந்தேன். புல் தெரியவில்லை. புல் இருந்த இடத்தில் பழுப்பாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பூந்தொட்டி நிமிர்ந்த வாக்கில் என்னைத் தாண்டிப் போயிற்று.

ஃபோல்க்மார் என் பின்னாலிருந்து பார்த்தான். அந்த முகத்தை நான் இதுவரை கண்டதில்லை, குளியலறையிலும் இல்லை. அவன் எங்கள் சமையல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். கேரவன் கேரவனாகக் கதவில் அடித்தான்.

"வெளிய வாங்க! மேட்டுக்குப் போங்க! எதையும் எடுக்காதீங்க, வண்டியைத் தொடாதீங்க!"

ஆட்கள் சட்டையில்லாமல், ஒற்றைச் செருப்போடு, தலையணையை அணைத்துக்கொண்டு ஏறினார்கள். நாங்களும் ஏறினோம். மேட்டில் லோதார் நின்றிருந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி. கீழே பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இர்ம்காட் எங்கே?"

ஓடைக்கு மிக அருகில் இருந்தது அவர்கள் கேரவன். வெள்ளம் மரவேலியைப் பிடுங்கிக் கதவோடு சேர்த்து அழுத்தியிருந்தது. பின்பக்க ஜன்னலில் ஒரு வெள்ளைத் தலை.

ஃபோல்க்மார் இறங்க ஆரம்பித்தான். நான் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். "உன் நெஞ்சு. வேண்டாம். வேற யாராவது—"

வேறு யாருமில்லை. எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

"நான்தான் உக்காரச் சொன்னேன், கெசீனே" என்றான். கையை உருவிக்கொண்டான்.

நானும் இறங்கினேன். தைரியம் என்று இதைப் பிற்பாடு நானே நினைத்துக்கொள்ளக் கூடாது. நின்று பார்ப்பது இறங்குவதைவிடப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் முதலில் தொடை, பிறகு இடுப்பு. அப்படி ஒரு குளிர். காலுக்கடியில் என்னவென்று தெரியாதவை உருண்டன. அவன் முன்னால், நான் அவன் பெல்ட்டைப் பிடித்தபடி. எனக்கு எதிரே அவன் முதுகு. அது இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்றே ஒவ்வொரு அடியிலும் காத்திருந்தேன்.

கேரவன் ஜன்னலை மேல்நோக்கிப் பிய்த்தான். இர்ம்காட் இரவு உடையில், கைப்பையை மார்போடு அணைத்து, கட்டில்மேல் நின்றிருந்தாள்.

"காலை முதல்ல போடுங்கம்மா. என்மேல சாயுங்க."

"நான் எழுபத்தெட்டு கிலோ தம்பி" என்றாள். பற்கள் கிடுகிடுத்தன.

"எங்க படையில எழுபத்தெட்டெல்லாம் ஒல்லிம்மா."

இருவருமாக அவளை நடுவில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தோம். மேட்டின் சரிவில் கைகள் நீண்டன. எங்களுக்குப் பின்னால் கேரவன் ஒரு முனகலோடு தரையிலிருந்து விடுபட்டு, மெல்லத் திரும்பி, ஆல்டர் மரங்களில் போய்ச் சாய்ந்தது. லோதார் மனைவியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "திட்டப் போனேன்டி. ஹாரன் அடிச்சவனைத் திட்டப் போனேன்." அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபோல்க்மார் புல்லில் உட்கார்ந்தான். கை இடது பக்கம் போயிற்று. நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டைப் பொத்தானைத் தடவுவதுபோல் எடுத்துவிட்டான்.

சாயங்காலம் அந்த ஊர் தீயணைப்புப் படைத் தலைவர் கூடத்துக்கு வந்தார். சேறு காய்ந்த முகம். மேலே மலையில் பெய்தது போதாதென்று, விழுந்த மரங்கள் பாலத்தடியை அடைத்துக்கொண்டனவாம். "மழையால இந்த மாசச் சோதனையை நிறுத்தி வெச்சிருந்தோம். ஊதினது நிஜம். வீடு வீடா ஓடினோம். பாதி ஊரு மேசையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிதானே, என்ன அவசரம்னு எங்களையே கேட்டாங்க."

ஃபோல்க்மார் அவரிடம் தானும் படையில் இருந்தவன் என்று சொல்லவில்லை.

ஜூலை 4, திங்கள்

ரயிலில். ஜன்னலுக்கு வெளியே மழை நின்ற வயல்கள். இருவரும் யாரோ கொடுத்த உடைகளில். அவன் மார்பில் ஏதோ கால்பந்துக் குழுவின் பெயர்.

க்யோட்டிங்கன் ரயில் நிலையம் வருவதற்குச் சற்று முன்னால், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "தண்ணியில வலிச்சுது."

"என்னது?"

"அந்தம்மாவைத் தூக்கறப்போ. மேட்டுல உக்காந்தப்பவும். அப்புறம் போயிடுச்சு."

நான் எப்போதும் குரலை உயர்த்தாதவள். பெட்டி முழுக்கக் கேட்கும்படிக் கத்தினேன். அந்தப் பொண்ணு கேட்டாளே உன்கிட்ட, வலிக்குதான்னு! நான் கேட்டேனே! ராத்திரி பூரா உன் போர்வையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே, அது உனக்குத் தெரியாதா? எல்லாத்துக்கும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீ சொன்னா ஊரே நம்புது. நானே நம்பினேன். சூப் ஆறுதுன்னே—

அங்கேயே நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியது போதாது. அது அவன்மேல் விழுந்துவிட்டது. அவன் முகம் வெளுத்துப்போனதைக் கண்ணால் பார்த்தேன்.

க்யோட்டிங்கனில் அவனை இறக்கி மருத்துவமனைக்கு இழுத்துப்போனேன். சோதனைகளில் புதிதாக எதுவும் இல்லையாம். வீட்டுக்குப் போகலாமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவனும் முதல் தடவையாக மருத்துவரிடம், "நிச்சயமாவா?" என்று கேட்டான்.

ஜூலை 5, செவ்வாய்

வீடு. அவன் தூங்குகிறான். நான் கதவோரம்.

ஜூலை 17, ஞாயிறு

இர்ம்காட் தொலைபேசியில் அழைத்தாள். மகள் வீட்டில் இருக்கிறார்களாம். "லோதார் இங்கேயும் ஊரையே சூப்புக்குக் கூப்பிட்டுக்கிட்டிருக்காரு. உன் புருஷன்கிட்ட குடும்மா, நன்றி சொல்லணும்."

நீட்டினேன். அவன் தலையசைத்து மறுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். தோட்டத்தில் வேலை எதுவும் இல்லை.

அவன் பின்னாலேயே போனேன். வேலியைப் பார்த்தபடி சொன்னான். "எரியுற வீட்டு வாசல்ல ஜனங்க நிப்பாங்க கெசீனே. கத்துவாங்க. அப்ப நாம பதறினா அவங்க உள்ள ஓடுவாங்க. அதனால மொதல்ல கத்துக்கறது குரல்தான். ஒண்ணும் ஆகாது, இங்க உக்காருங்கன்னு சொல்ற குரல். அது நெஜமான்னு நான் பாக்கறதே இல்ல. வாயில தானா வந்துடும். அன்னிக்கும் வந்துடுச்சு."

முப்பது வருடமாக அந்தக் குரலோடு குடித்தனம் செய்கிறேன். அது ஒரு கருவி என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குணம் என்று நினைத்திருந்தேன்.

"நானும்தான் உக்காந்தேன்" என்றேன். இன்னும் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். 

ஆகஸ்ட் 8, திங்கள்

அவன் சமையலறையில் தட்டைக் கீழே போட்டான். தட்டுதான். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது என்னைப் பார்த்து, "தட்டு. கை ஈரம்" என்றான். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். துண்டுகளை ஆளுக்குப் பாதியாகப் பொறுக்கினோம்.

செப்டம்பர் 9, வெள்ளி

மருத்துவமனை நடைக்கூடம். மதியம்.

காலையில் நான் ப்ளம் பழங்களைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தேன். கேக்குக்கு. ஃபோல்க்மார் குளியலறையிலிருந்து சமையலறைக்கு வந்தான். முகத்தின் ஒரு பாதி மழித்திருந்தது, மறு பாதியில் சோப்பு நுரை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கெசீனே, இடது பக்கம் அழுத்துது. கைக்கு இறங்குது. இப்பதான் ஆரம்பிச்சுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

அழைத்தேன். என் குரல் ஒழுங்காக வந்தது. விலாசம் சொன்னேன், வயது சொன்னேன். பிறகு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பயமா இருக்கு" என்றான். என்னைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கும்" என்றேன். "பிப்ரவரியிலிருந்து."

"தெரியும்."

வண்டியில் வந்தவர்களில் ஒருவன் எங்கள் ஊர்ப் படையில் அவனிடம் பயிற்சி பெற்றவன். "என்ன ஃபோல்க்மார், பாதி முகத்தோட கிளம்பிட்டே?" என்றான். மீதிப் பாதிக்கு நேரமில்லை என்றான் இவன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, எப்போது ஆரம்பித்தது, எங்கே, எவ்வளவு என்று கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் குறுக்கே பேச வேண்டியிருக்கவில்லை.

வேறொரு குழாய். இந்தத் தடவை இதயத் தசைக்குச் சேதம் ஏற்படும் முன்பே திறந்துவிட்டார்களாம். சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் மருத்துவர். இதில் சராசரி என்ன என்று நான் அவரைக் கேட்கவில்லை.

என் சட்டைத் தோளில் அவன் சாய்ந்திருந்த இடத்தில் சோப்பு நுரை வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே விடுவார்கள். ரேஸர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான்.